மீதி நாலு

அந்த மஞ்சள் நூலுக்குக் கீழே அது நிற்கிறது, இன்னும் யாரும் பார்க்கவில்லை, காற்றே, நீ கொஞ்சம் சும்மா இரு, நீ அசைத்துவிட்டால் அந்த ரோஸ் நிறம் கொத்தனார் கண்ணில் பட்டுவிடும், என்று மனதுக்குள் காற்றிடம் கெஞ்சியபடி காப்பித் தட்டோடு வாசற்படியில் நிற்கிறேன், மூன்று நாளாக எங்கள் முற்றத்தில் பேவர் கல் பதிக்கிறார்கள், கேட்டிலிருந்து படி வரை, படியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, சாம்பலும் சிவப்புமாகக் கற்கள் வந்து ஒன்றை ஒன்று கவ்விப் படுத்துவிட்டன, மிச்சம் கிழக்கு மதிலோரத்து மூலை மட்டும்தான், ஒரு கட்டில் போடுகிற அளவுக்குச் செம்மண், அதன் குறுக்கே மதிலில் அடித்த ஆணியிலிருந்து தொட்டியோரத்துக் கம்பி வரை இந்த நூல், விறைப்பாக, பிசகே இல்லாமல், அதற்கு ஒரு விரற்கடை கீழே அரைச்சாண் உயரத்தில் அந்தச் செடி, ஈட்டி முனை போன்ற சின்னச் சின்ன இலைகள், இலை தண்டோடு சேருகிற ஒவ்வொரு கக்கத்திலிருந்தும் தலைமுடி கனத்தில் ஒரு காம்பு, காம்பின் நுனியில் ஒரே ஒரு இதழ், சுண்டுவிரல் நகத்தளவு, மேலே அகன்று அடியில் குறுகி, யாரோ ஒரு ரோஸ் நிறக் கரண்டியைச் செடியில் மாட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது மாதிரி. சனிக்கிழமை என் கல்லூரித் தோழி ஐரீன் வருகிறாள், இதைப் பார்ப்பதற்காகவே வருகிறாள், இன்றைக்கு வியாழன், இன்னும் இரண்டு நாள் இது நிற்க வேண்டும், இரண்டு நாள் என்ன, இனி எப்போதும் நிற்க வேண்டும், ஆனால் தப்பு என்மேல்தான், வைகாசியில் என் வீட்டுக்காரர் கேட்டார், ஏளா, முத்தம் பூரா கல்லு போட்டுருவமா, பேத்தி நடக்க ஆரம்பிச்சிருவா, மண்ணுல விழுந்தா பிள்ளைக்கு முட்டு தேஞ்சிரும், நான் போடுங்க என்று சொன்னேன், யோசிக்கவேயில்லை, வைகாசியில் இந்தச் செடி இருக்காது, மேலே உள்ளதெல்லாம் காய்ந்து உதிர்ந்து மண்ணுக்குள் குச்சி போன்ற வேர்க்கட்டை மட்டும் செத்ததுபோல் நடித்துக்கொண்டு கிடக்கும், கண்ணுக்கு இல்லாததை மறந்துவிடுவதில் நான் கெட்டிக்காரி, ஐப்பசி மழையில் புல்லோடு புல்லாகத் துளிர்த்து, கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள் இது பூவைக் காட்டியது, பத்தாம் நாள் கற்களோடு லாரி வந்து நின்றது.

லாரி சத்தம் இல்லை அது, பஸ் சத்தம், நான் படித்த காலத்துக் கல்லூரி பஸ் மணலில் சக்கரம் சுற்றி நிற்கிறது, முப்பது பேர் இறங்குகிறோம், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காடு, கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு, குங்குமத்தைக் கொட்டிக் காற்றை விட்டு நிரவச் சொன்ன மாதிரி, மழை பெய்து ஓய்ந்த காலை, பனைகளுக்கு நடுவே ஈர மணல் செருப்பைப் பிடித்துப் பிடித்து விடுகிறது, முன்னால் வயலட் மிஸ் போகிறார், எங்களைவிட நாலே வயது மூத்தவர், அதுதான் அவருக்கு முதல் வேலை, நாங்கள் அவருக்குப் பயப்படுவதைவிட அவர் எங்களுக்கு அதிகம் பயப்படுவார், சேலையில் ஒன்பது ஊசி குத்தியிருப்பார், எண்ணியிருக்கிறோம். நில்லுங்க, மிதிச்சிராதிங்க, என்றார் மிஸ், ஒரு மேட்டின் சரிவில் புல்லுக்கு நடுவே அங்கங்கே ரோஸ் நிறம், இதுதான் ஓரிதழ் தாமரை, குளத்துத் தாமரைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கேட்டீங்களா, தண்ணி நிக்கிற எடத்துல வராது, வெயில் நல்லா விழுற மணப்பாங்கான எடம் வேணும், அல்லி வட்டம் எழுதிக்கிடுங்க, எத்தனை இதழ், பேர்லயே இருக்கு, ஒன்று. முப்பது பேனா ஒன்று என்று எழுதியது, இருபத்தொன்பது என்று சொல்ல வேண்டும், ஐரீன் எழுதவில்லை, அவள் மணலில் முட்டுக்குத்தி உட்கார்ந்திருந்தாள், கையில் இருந்த ஊசியால் பூவின் அடியை எதற்கோ கிளறிக்கொண்டிருந்தாள், மிஸ், ஃபைவ், என்றாள்.

நாங்கள் சிரித்துவிட்டோம், ஐரீன் எது சொன்னாலும் சிரிப்பது எங்களுக்குப் பழக்கம், ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த பிள்ளை, அப்பாவுக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை, தமிழ் அவளுக்கு ஹாஸ்டலில் வந்துதான் ஒட்டிக்கொண்டது, அதுவும் எங்கள் தமிழ், அடியே என்று அர்த்தமான ஏட்டி ஒரு மரியாதைச் சொல் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததை நம்பி முதல் வாரமே மிஸ்ஸைப் பார்த்து, குட் மார்னிங் ஏட்டி மிஸ், என்று சொன்னவள். மிஸ்ஸுக்கு முகம் சுருங்கியது, அஞ்சா, எங்க இருக்கு அஞ்சு, காட்டு பாப்போம், என்றார், இருந்தது ஒரே ஒரு லென்ஸ், முப்பது பேரும் சிவந்த மணலில் முட்டுக்குத்தி, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து, லென்ஸைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறோம், எனக்கு முறை வருகிறது, ஐரீன் ஊசி முனையால் புல்லி இதழை மெல்ல விலக்குகிறாள், அவள் மூச்சில் காலையில் தின்ற கருப்பட்டியின் மணம், பாரு, என்கிறாள், பெரிய இதழுக்கு மேலே, பச்சைக்குள் ஒளிந்துகொண்டு, அரிசியில் பாதி அளவில், வெளுத்த நிறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அதற்கும் மேலே இன்னும் சின்னதாக இரண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு அல்ல, ஏதோ ரகசியம் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி. உனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது, என்று மிஸ் கேட்டார், ஐரீன் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள், எனக்கு அந்த தமிழ் பேருக்கு அர்த்தம் தெரியாதுல்ல மிஸ், அதனால எண்ணிப் பாத்தேன். மிஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார், ஒன்பது ஊசி குத்திய சேலையோடு, பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார், இது என்ன குடும்பம் தெரியுமாடி, வயோலேசியே, வயலட் குடும்பம், என் குடும்பம், எங்க வீட்டு ஆள எனக்கே எண்ணத் தெரியலையே, என்றார், அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்கும் அவருக்கும் பயம் விட்டுப்போனது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு நானே எத்தனை நாள் மறைப்பது, செடியைக் காயவைத்து ஹெர்பேரியம் தாளில் ஒட்ட வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் ஒரே செடியில் வேண்டும், ஆளுக்கொண்ணு வேரோட எடுங்க, என்றார் மிஸ், நான் நன்றாகப் பிடித்து மேலே இழுத்தேன், மேலே புல் மாதிரி மெலிந்திருக்கிற செடிக்குக் கீழே அவ்வளவு ஆழமாக, மரக்குச்சி மாதிரி ஒரு வேர் இருக்கும் என்று நினைக்கவில்லை, வரமாட்டேன் என்றது, இன்னும் இழுத்தேன், முறுக் என்று ஒரு சத்தம், கைக்கு மட்டும் கேட்கிற சத்தம். ஐரீன் பிடுங்கவில்லை, தாளை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள், ஐந்து இதழும், காய் வெடித்து மூன்று தோணிகளாகப் பிரிந்து கிடப்பதும், வரி வரியாகக் கோடு போட்ட வெளுத்த விதையை ஓர் எறும்பு இழுத்துப் போவதும்கூட, இது ஹெர்பேரியமா டிராயிங் கிளாஸா என்று மிஸ் அவளுக்கு மார்க்கைக் குறைத்தார், என் தாள் துறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அடுத்த வருஷம் அதே மாதம், அதே சரிவு, நன்றாக மழை பெய்திருந்தது, புல் இருந்தது, ரோஸ் நிறம் ஒரு பொட்டுகூட இல்லை, நாங்கள் இருபத்தொன்பது பேர் இருபத்தொன்பதைப் பிடுங்கியிருந்தோம், ஐரீன் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும், சரிவு முழுக்கக் குனிந்து குனிந்து தேடிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனால் மீதி நாலு என்ற சொல் எங்களோடு வந்துவிட்டது, ஹாஸ்டலில் யாராவது உம்மென்று இருந்தால், ஏட்டி, அவளோட மீதி நாலப் பாத்தியா, என்பாள் ஐரீன், அந்த உம்மணாமூஞ்சி குளியலறையில் எட்டுக் கட்டையில் பாடுவதை ஒருநாள் கேட்டுவிட்டு வந்து, ஒண்ணு கெடச்சிருச்சு, என்பாள், என்னைப் பெண் பார்க்க வந்த வாரம் அவளிடமிருந்து கடிதம், தமிழில்தான் எழுதியிருந்தாள், எழுத்தெல்லாம் கோலிக்குண்டு மாதிரி உருண்டு உருண்டு, அவருக்கு எதைக் காட்டினே, பெரிசையா, மீதி நாலையா, நான் பதில் எழுதவில்லை, காட்டியது பெரிசைத்தான், அடக்கமான, பட்டதாரியான, சமைக்கத் தெரிந்த ஒரே இதழ், பார்த்தவர்கள் எண்ணவேண்டிய அவசியமே இல்லாத மாதிரி விரித்துக் காட்டினேன், அவர்களும் பெயரைப் படித்துவிட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள், நானும் ஒன்று என்றே எழுதிக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை, அப்படிப் பல வருஷம். என் வீட்டுக்காரர் பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருஷம் டிராயிங் நடத்தியவர், நேர்கோடு என்றால் அவருக்கு உயிர், தோசை கோணிப்போனால் ஒன்றும் சொல்லமாட்டார், கோணிய ஓரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு அந்த இடத்தை முதலில் தின்பார், ஒருநாள் மதியம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தவர் அடுப்படி வாசலில் அசையாமல் நின்றார், நான் சீட்டி அடித்துக்கொண்டிருந்தேன், கிணற்றடிப் பையன்களிடம் எட்டு வயதில் கற்றுக்கொண்டது, கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் அடித்தது, ஏளா, நீயா, என்றார், நான் வெட்கத்தில் வெந்துபோய் நிற்கிறேன், அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவ அடி பாப்போம், என்றார். ஐரீனோடு போனில் பேசும்போதெல்லாம் மீதி நாலு, மீதி நாலு என்பது காதில் விழுந்து, என்னதான் அது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார், அன்றையிலிருந்து என்னிடம் எது புதிதாகக் கண்ணில் பட்டாலும், இது எத்தனாவது, என்று கேட்பார், ஐம்பது வயதில் நீச்சல் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோதும் பேப்பரை இறக்காமல் அதைத்தான் கேட்டார், இது எத்தனாவது ஏளா, ரெண்டாவது என்றேன், அப்ப இன்னும் ரெண்டு இருக்கு, என்று சொல்லிப் பேப்பருக்குள் போய்விட்டார், எண்ணத் தெரிந்த மனிதர்தான், கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தவர், நான் மட்டும் சீக்கிரமா என்ன.

இந்த வீடு கட்டும்போது அஸ்திவாரம் நிரப்பத் தேரி மண் இரண்டு லோடு அடித்தோம், நிரப்பியது போக மிஞ்சியதை இந்த மூலையில் தட்டினார்கள், மூன்றாம் வருஷம் மழைக்குப் பிறகு துணி காயப்போட வந்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், மண்ணோடு மண்ணாக எந்த எறும்பு எந்த விதையை எங்கே ஒளித்து வைத்ததோ, ரோஸ் நிறம், ஒன்றே ஒன்று, முட்டுக்குத்தி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் மாதிரிப் பிடித்து எண்ணினேன், எண்ணிவிட்டு ஐரீனுக்குப் போன் பண்ணினேன், என்னடி அழுறியா, என்றாள், இல்ல சீட்டி அடிக்கேன், என்றேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் கேட்பாள், மீதி நாலு சௌக்கியமா, வந்துட்டுப் போ என்பேன், வாரேன் ஏட்டி என்பாள், பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு, அவளுடைய முட்டுவலி என்று பதினாறு கார்த்திகை போய்விட்டது, போன வாரம் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், கீழே ஒரே வரி, லென்ஸ் நான் கொண்டு வாரேன்.

காற்று சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அசைத்துவிட்டது, கற்களைத் தட்டிக்கொண்டிருந்த தவசிமுத்து கொத்தனார் ரப்பர் சுத்தியலை அப்படியே நிறுத்தினார், டீச்சர், இது என்ன இங்க நிக்கி, ஓரிதழ் தாமரைலா, என்று என்னிடம் கேட்டார், கோயிலுக்குள் நுழைந்த மாதிரி குரல் தணிந்துவிட்டது, மண் சட்டியோடு வந்த சித்தாள் பேச்சிக்கனி எட்டிப் பார்த்தாள், என்ன கொத்தனாரே, தரையில பொன்னா கெடக்கு. பொன்னுதான் பேச்சிக்கனி, எங்கெல்லாம் தேடியிருக்கேன் தெரியுமா, மருந்துக்கடையில பொடியா விக்கான், அதுல என்னத்தக் கலக்கானோ, என்றார். எதுக்குத் தேடுனிய, என்றாள் அவள். சும்மா, சர்க்கரைக்கு. சர்க்கரைக்கா. சர்க்கரைக்குதான். பேச்சிக்கனி சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள், ஆண்மைக்குச் சாப்பிடுகிற மூலிகை என்று ஊருக்கே தெரியும், டீச்சர், பேரன் பேத்தி எடுத்த மனுசனுக்கு வந்த சர்க்கரையப் பாருங்க, இருங்க, சாயந்தரம் வீட்டுல அக்காட்ட சொல்லுதேன், என்றாள், கொத்தனாரின் காது பேவர் கல் நிறத்துக்கு வந்தது, சிவப்புக் கல், பக்கத்தில் நின்று மட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ரசமட்டத்தை இல்லாத தூசிக்குத் துடைக்க ஆரம்பித்தார், நான் தட்டை நீட்டினேன், காப்பி எடுத்துக்கிடுங்க, ஆறிரும், சிரிப்பை அடக்கியதில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

அப்ப அதப் புடுங்கிக்கிடுங்க கொத்தனாரே, வேலையும் முடியும், உங்களுக்கு மருந்தும் ஆச்சு, என்றார் என் வீட்டுக்காரர். கொத்தனார் தம்ளரைப் பிடித்தபடி தலையை ஆட்டினார், நான் புடுங்கினா பலிக்காது சார், இதெல்லாம் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரி தன் கையால, மனசார எடுத்துத் தரணும், மனசில்லாமத் தந்தா வெறும் புல்லு, எங்கய்யா காலத்துலருந்து அப்படித்தான், டீச்சர், நீங்களே ஒரு கை வச்சு இழுத்துத் தந்துருங்க, சாப்பாட்டுக்கு முன்ன மூலைய முடிச்சிருவேன், என்றார், எவ்வளவு பணிவாகக் கேட்டார் என்றால் எனக்கே பாவமாக இருந்தது. ஏளா, உன் செடியா இது, என்று இப்போதுதான் கவனித்தவராக என் வீட்டுக்காரர் கேட்டார், பொறவு என்ன, ஒரு கொப்பப் பூந்தொட்டியில வச்சுக்கிடுவோம், அழகா இருக்கும், ஐரீனுக்கும் காட்டலாம், இந்தா, மிச்சத்த அவருக்கு எடுத்துக் குடு. தொட்டியில் வராது, அந்த வேர் எவ்வளவு தூரம் கீழே போயிருக்கிறது என்று இங்கே இருப்பவர்களில் என் கைக்கு மட்டும்தான் தெரியும், தட்டைப் படியில் வைத்தேன், கல்லைத் தாண்டி மண்ணில் கால் வைத்தேன், ஈரம், செருப்பைப் பிடித்துப் பிடித்து விடுகிறது, முட்டுக்குத்தி உட்கார்ந்தேன், சரசரவென்று முப்பது பாவாடைத் தாவணிகள் என்னைச் சுற்றி உட்காருகிற சத்தம், தோளில் யாரோ சாய்கிறார்கள், கருப்பட்டி மணம், லென்ஸ் எனக்கு இன்னும் வரவில்லை, வரும், மிஸ் சொல்லுகிறார், வேரோட எடுங்க, கை தானாகப் போகிறது, படிந்து பழகிய கை, தண்டைச் சுற்றி இரண்டு விரல் வளைகிறது, நன்றாகப் பிடிக்கிறது, பக்கத்தில் ஒருத்தி மடியில் தாளை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் வரைந்துகொண்டே இருக்கிறாள்.

விரலை எடுத்தேன். எடுத்துவிட்டு அங்கேயே, பதிக்க வைத்திருந்த கல் ஒன்றை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன், என் முழங்கால் நூலில் பட்டு அது வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டது, ஆணியிலிருந்து என் முட்டு வரை ஒரு கோடு, முட்டிலிருந்து கம்பி வரை இன்னொரு கோடு, இருபத்தெட்டு வருஷம் டிராயிங் நடத்தியவருக்கு முன்னால் ஒரு கோணல், உள்பக்கம் செடிக்கு இரண்டடி இடம். பேச்சிக்கனி சட்டியைத் தூக்கவில்லை, கொத்தனார் நூலைப் பார்க்கிறார், என் முட்டைப் பார்க்கிறார், ஏளா, எடுத்துக் குடு, அவரு காத்திருக்காருல்லா, என்கிறார் என் வீட்டுக்காரர், நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன், மாட்டேன் என்றேன், சத்தமில்லாமல்தான் வந்தது, இந்த வீட்டில் அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்வது என்றே எனக்குப் பழக்கம் இல்லை, கொத்தனார் ஒரு பெருமூச்சோடு சுத்தியலைக் கீழே வைத்தார், அப்ப சர்க்கரை கொறையாது, என்றாள் பேச்சிக்கனி. என் வீட்டுக்காரர் வளைந்த நூலை ஓரம் கோணிய தோசையைப் பார்ப்பதுபோல ஒரு நொடி பார்த்தார், பிறகு ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இது எத்தனாவது, என்று கேட்டார், காற்று வருகிறது, வரட்டும், இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் அசைக்கட்டும், நூல் என் முட்டில் வளைந்து நிற்க அதற்கு உள்பக்கம் ஐந்து இதழும் ஆடுகின்றன, சொல்லுளா, எத்தனாவது, என்கிறார் மறுபடியும், நான் அதையும் சொல்லமாட்டேன் என்று தலையை அசைத்தேன்.